மூன்று மானிட்டர், ஒரு மவுஸ்: எந்த மென்பொருளுக்குக் காசு கொடுக்கலாம்?

விண்டோஸ் கணினியில் பல மானிட்டர்களைச் சமாளிக்க மைக்ரோசாஃப்டின் இலவசத் தொகுப்பான பவர்டாய்ஸ் போதுமா, டிஸ்ப்ளேஃப்யூஷன் என்ற மென்பொருளைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா? மேசையில் இரண்டாவது மானிட்டர் ஏறிய சில நாட்களில் பலரும் வந்து நிற்கும் இடம் இது. இரண்டின் வசதிப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தால் டிஸ்ப்ளேஃப்யூஷன்தான் ஜெயிக்கும். அதன் பட்டியல் அவ்வளவு நீளம். ஆனால் அந்தப் பட்டியலில் ஒருவர் தினமும் தொடப்போவது மூன்றோ நான்கோதான். அந்த மூன்று நான்கு எவை என்று தெரியாமல் வாங்கினால், காசும் போகும், எரிச்சலும் அப்படியே இருக்கும்.

ஏனென்றால் மானிட்டர் கூடும்போது வரும் தொந்தரவுகள் எல்லாம் ஒரே வகை இல்லை. விண்டோக்களை நினைத்த இடத்தில், நினைத்த அளவில் நிறுத்த முடியவில்லை என்பது ஒன்று. நிறுத்தி வைத்ததெல்லாம் மானிட்டர் ஒருமுறை அணைந்து எரிந்ததும் கலைந்துபோகிறது என்பது வேறு. மவுஸ் ஒரு திரையிலிருந்து அடுத்ததற்குத் தாண்டாமல் ஓரத்தில் முட்டி நிற்கும். ஒரு திரை கண்ணைக் கூச, பக்கத்துத் திரை மங்கிக் கிடக்கும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இலவசமாகவே நல்ல வழி இருக்கிறது. காசு கொடுக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று என்பது என் கணிப்பு. அதைக் கீழே சொல்கிறேன்.

விண்டோஸே தருவது

பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். விண்டோஸ் 7 காலத்தில் டாஸ்க்பார் முதன்மை மானிட்டரில் மட்டும்தான் வரும். இரண்டாவது திரையிலும் டாஸ்க்பார் வேண்டும் என்பதற்காகவே அப்போது அல்ட்ராமான் போன்ற மென்பொருள்களை வாங்கினார்கள். 2012ல் வந்த விண்டோஸ் 8 அந்த வசதியைத் தானே கொடுத்துவிட்டது. அல்ட்ராமானைப் பரிந்துரைக்கும் பல பக்கங்கள் அந்தக் காலத்து மிச்சம்.

விண்டோஸ் 11ல் நிலைமை இன்னும் மாறியது, ஆனால் ஒரே திசையில் இல்லை. 2021ல் அது வந்தபோது டாஸ்க்பாரைப் புதிதாக எழுதினார்கள். எழுதும்போது சிலவற்றை விட்டுவிட்டார்கள். இரண்டாவது மானிட்டரின் டாஸ்க்பாரில் கடிகாரம்கூட இல்லை. 2022 பிப்ரவரி அப்டேட்டில்தான் நேரமும் தேதியும் திரும்பி வந்தன. டாஸ்க்பாரைத் திரையின் பக்கவாட்டுக்கோ மேலேயோ நகர்த்தும் பழைய வழக்கத்தையும் அந்தப் பதிப்பு எடுத்துவிட்டது. நிமிர்த்தி வைத்த மானிட்டரில் வேலை செய்பவர்களுக்கு இது உண்மையான இழப்பு.

மறுபக்கம், பலருக்குத் தெரியாத நல்ல விஷயங்கள் அதிலேயே இருக்கின்றன. விண்டோஸ் கீயையும் ஷிப்டையும் சேர்த்துப் பிடித்து இடது, வலது அம்புக்குறியை அழுத்தினால் விண்டோ அடுத்த மானிட்டருக்குத் தாவும். விண்டோஸ் கீயுடன் இசட் அழுத்தினால், விண்டோக்களைக் கட்டம் கட்டமாகப் பொருத்தும் ஸ்னாப் லேஅவுட் விரியும். அகலமான திரையில் மூன்று பத்தியாகவும், நிமிர்ந்த திரையில் மேலும் கீழுமாகவும் பிரித்துத் தரும். டாஸ்க்பார் அமைப்பில் ஒரு திருத்தம் செய்தால், எந்த மானிட்டரில் எந்த விண்டோ திறந்திருக்கிறதோ அதன் ஐகான் மட்டும் அந்த மானிட்டரின் டாஸ்க்பாரில் தெரியும். இரண்டு ஒரே அளவு மானிட்டர், ஒன்றில் டேலி, இன்னொன்றில் பிரவுசர் என்று வேலை பார்க்கும் கணக்கு அலுவலகத்துக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. எதையும் நிறுவாமல் இங்கேயே நின்றுவிடலாம்.

ஸ்னாப் லேஅவுட்டின் குறை ஒன்றுதான்: கட்டங்களின் அளவை நீங்கள் முன்கூட்டியே தீர்மானிக்க முடியாது. பாதி, மூன்றில் ஒன்று, கால் என்று அவர்கள் கொடுத்த அளவுகள்தான். ஓரத்தைப் பிடித்து இழுத்து மாற்றலாம். அடுத்த முறை மறுபடி இழுக்க வேண்டும்.

பவர்டாய்ஸ்: கட்டம் போடுவதற்கு

அந்தக் குறையைத் தீர்ப்பது ஃபேன்சிஸோன்ஸ். மைக்ரோசாஃப்ட் 2019ல் ஓப்பன் சோர்ஸாக மறுபடி தொடங்கிய பவர்டாய்ஸ் தொகுப்பின் முதல் வெளியீட்டிலேயே இருந்த கருவி இது. விண்டோஸ் கீ, ஷிப்ட், டில்டே குறியிருக்கும் கீ மூன்றையும் அழுத்தினால் எடிட்டர் திறக்கும். ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனியாகக் கட்டம் வரையலாம். பிறகு ஷிப்டைப் பிடித்துக்கொண்டு விண்டோவை இழுத்தால் கட்டங்கள் தெரியும்; விட்ட இடத்தில் பொருந்தி உட்காரும்.

எழுதிக் காட்டினால் சாதாரணமாகத் தெரியும் இந்த வசதி, பெரிய திரையில்தான் தன் பலத்தைக் காட்டும். அல்ட்ராவைடு மானிட்டரில் நடுவே அகலமான பத்தி ஒன்று, இரு பக்கமும் ஒடுக்கமான பத்திகள் என்று வரைந்துவிட்டால், எழுதும் விண்டோ எப்போதும் கண்ணுக்கு நேராக இருக்கும். பக்க வடிவமைப்பு செய்பவர்கள் நிமிர்த்தி வைத்த மானிட்டரில் மேலே முக்கால் பங்கு பிடிஎஃப், கீழே கால் பங்கு வாட்ஸ்அப் வெப் என்று பிரித்து வைக்கலாம். வேலைக்கு வேலை கட்டம் மாற வேண்டுமானால், ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு எண் கொடுத்து வைத்து, விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஆல்ட் மூன்றோடு அந்த எண்ணை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு இடங்களில் இது மக்களைக் குழப்புகிறது. நிர்வாகி உரிமையோடு ஓடும் மென்பொருளின் விண்டோவை ஃபேன்சிஸோன்ஸ் அசைக்காது. பவர்டாய்ஸையும் அதே உரிமையோடு ஓட்ட வேண்டும். "எல்லாம் பொருந்துகிறது, இந்த ஒன்று மட்டும் பொருந்தவில்லை" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இன்னொன்று, ஒரு கட்டத்தை இரண்டு மானிட்டருக்கும் பரவலாக விரிப்பது. அதற்கு எல்லா மானிட்டர்களிலும் ஸ்கேலிங் (எழுத்தையும் ஐகானையும் பெரிதாக்கிக் காட்டும் அளவு) ஒரே சதவீதத்தில் இருக்க வேண்டும். ஒன்று 100, இன்னொன்று 150 என்றால் அந்த வசதியை மறந்துவிடுங்கள்.

அதே தொகுப்பில் 2024ல் வொர்க்ஸ்பேசஸ் என்ற கருவி வந்தது. எந்தெந்த மென்பொருள் எங்கெங்கே இருக்கிறது என்று ஒருமுறை பிடித்து வைத்தால், பிறகு ஒரு ஷார்ட்கட்டைத் தட்டி அத்தனையையும் அந்தந்த இடத்தில் திறக்கலாம். காலையில் வேலையைத் தொடங்க நல்ல உதவி. பிரவுசரில் எந்தப் பக்கங்கள் திறந்திருந்தன என்பதெல்லாம் அதற்குத் தானாகத் தெரியாது. வேண்டிய முகவரியை நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பவர்டாய்ஸை நிறுவியதும் முதல் வேலையாக, வேண்டாத கருவிகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். அந்தத் தொகுப்பில் ஏகப்பட்டவை உண்டு; ஒவ்வொன்றும் ஒரு கீபோர்டு ஷார்ட்கட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

டிஸ்ப்ளேஃப்யூஷன்: விதி எழுதுவதற்கு

பைனரி ஃபோர்ட்ரெஸ் நிறுவனத்தின் டிஸ்ப்ளேஃப்யூஷனுக்கு இலவசப் பதிப்பும் கட்டணப் பதிப்பும் உண்டு. இலவசப் பதிப்பு மானிட்டர்தோறும் வால்பேப்பர், சில விண்டோ நகர்த்தும் ஷார்ட்கட்டுகள் என்ற அளவோடு நிற்கும். வால்பேப்பருக்காக மட்டும் வருபவர்கள் அதோடு திருப்தியாகத் திரும்பலாம். பேசத்தக்க விஷயம் எல்லாம் கட்டணப் பதிப்பில். அதுவும் மாதச் சந்தா இல்லை, ஒருமுறை வாங்கும் லைசென்ஸ். முழுப் பதிப்பைக் கொஞ்ச நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கவும் விடுகிறார்கள்.

அதில் என்ன கிடைக்கிறது? ஒவ்வொரு மானிட்டருக்கும் அவர்களுடைய சொந்த டாஸ்க்பார். எந்த மானிட்டர் எரிய வேண்டும், எந்த ரெசல்யூஷனில், எந்தப் பக்கம் திரும்பி, எது முதன்மை என்று முழு அமைப்பையும் பெயரிட்டுச் சேமித்து ஷார்ட்கட்டில் மாற்றும் வசதி. ஒரே பெரிய மானிட்டரை இரண்டு மூன்று மானிட்டராகப் பாவித்துப் பிரிக்கும் வசதி. பிரித்துவிட்டால் மேக்ஸிமைஸ் பட்டனை அழுத்தும்போது விண்டோ முழுத் திரைக்கும் பரவாமல் அந்தப் பகுதிக்குள் நிற்கும். ஃபேன்சிஸோன்ஸ் மேக்ஸிமைஸ் பட்டனைத் தொடுவதில்லை. 49 அங்குல மானிட்டர் வைத்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

ஆனால் என் கணக்கில் காசு கொடுக்கத் தகுந்தது டிரிகர் என்ற ஒரே வசதிக்குத்தான். இன்ன மென்பொருள் திறந்தால் இன்ன மானிட்டரில் இன்ன அளவில் உட்கார வை, இன்ன தலைப்புள்ள விண்டோ வந்தால் மூன்றாவது திரைக்குத் தள்ளு என்று விதி எழுதி வைக்கலாம். ஒருமுறை எழுதினால் போதும், பிறகு நீங்கள் எதையும் இழுக்கவே வேண்டாம். போதாதென்றால் சி ஷார்ப்பிலோ விபி டாட் நெட்டிலோ சொந்தமாகவே நிரல் எழுதி ஒரு பட்டனில் கட்டலாம். ஃபேன்சிஸோன்ஸிலும், புதிதாகத் திறக்கும் விண்டோவைக் கடைசியாக இருந்த கட்டத்துக்கு அனுப்பும் அமைப்பு இருக்கிறது. ஆனால் அது போன முறை எங்கே இருந்தது என்பதைத்தான் பார்க்கும். "இந்தத் தலைப்பு இருந்தால் இங்கே, இல்லாவிட்டால் அங்கே" என்று அதனிடம் சொல்ல முடியாது.

பங்கு வர்த்தகத்தில் ஒரே மென்பொருளின் பல விண்டோக்களை நாலு திரையில் பரப்பி வைப்பவர்கள், நேரலை ஒளிபரப்பை இயக்குபவர்கள், கண்காணிப்புத் திரைகளைப் பார்ப்பவர்கள் ஆகியோருக்கு இந்த விதிகள் தினமும் மிச்சப்படுத்தும் நேரம் கண்கூடாகத் தெரியும். இரண்டு மானிட்டரில் வேர்டும் பிரவுசரும் வைத்திருப்பவருக்குத் தெரியாது. விலை டாலரில் இருப்பதால் நம் ஊர்க் கணக்கில் அது சின்னத் தொகையும் இல்லை.

இதன் அமைப்புப் பக்கங்கள் ஆழமான காடு. எங்கே எதைத் தேடுவது என்று பழகவே நேரம் பிடிக்கும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் வாங்கி வைத்து, டாஸ்க்பாரை மட்டும் பயன்படுத்துவார்கள்.

இதற்கு நேர்ப் போட்டி ஆக்சுவல் டூல்ஸ் நிறுவனத்தின் ஆக்சுவல் மல்டிப்பிள் மானிட்டர்ஸ். இதிலும் டாஸ்க்பார், வால்பேப்பர், விண்டோவின் தலைப்புப் பட்டையில் கூடுதல் பட்டன்கள் எல்லாம் உண்டு. டாஸ்க்பார் ஒன்றுதான் குறை என்பவர்கள் இரண்டையும் ஓட்டிப் பார்த்து, கண்ணுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இரண்டையும் தராசில் வைக்க நான் மெனக்கெட மாட்டேன்.

கலைந்துபோகும் விண்டோக்கள்

காசு கொடுக்கும் முடிவைப் பலர் எடுப்பது இந்த எரிச்சலில்தான். ஆனால் இதன் வேர் பெரும்பாலும் கேபிளில் இருக்கிறது. டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் இணைத்த மானிட்டரை அணைத்தால், பல மாடல்களில் அந்த மானிட்டரைக் கழற்றிவிட்டதாகவே விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். கழன்ற திரையில் இருந்த விண்டோக்களை எல்லாம் மிச்சமிருக்கும் திரையில் கொண்டுவந்து குவிக்கும். மறுபடி எரிந்ததும் பழைய விண்டோஸ் பதிப்புகளுக்கு எது எங்கே இருந்தது என்று நினைவிருக்காது. யூபிஎஸ்ஸில் சிபியுவையும் ஒரு மானிட்டரையும் மட்டும் கோர்த்து, இரண்டாவதைச் சுவர் பிளக்கில் செருகியிருப்பவர்களுக்கு ஒவ்வொரு மின்வெட்டும் இந்த அனுபவத்தைக் கொடுக்கும். அவர்கள் வாங்க வேண்டியது மென்பொருள் இல்லை. அந்த யூபிஎஸ் தாங்குமென்றால் இரண்டாவது பிளக்கையும் அதற்கு மாற்றினால் போதும்.

விண்டோஸ் 11ல் டிஸ்ப்ளே அமைப்பின் உள்ளே, பல மானிட்டர்களுக்கான பகுதியில், மானிட்டர் இணைப்பைப் பொறுத்து விண்டோக்களின் இடத்தை நினைவில் வைக்கும் தேர்வு இருக்கிறது. அதில் டிக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2025 அக்டோபரோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், மாறுவதற்கு இது இன்னொரு காரணம்.

அதற்கும் அடங்கவில்லை என்றால் பெர்சிஸ்டன்ட்விண்டோஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் கருவி இருக்கிறது. விண்டோக்கள் இருக்கும் இடத்தைப் பின்னணியில் குறித்துக்கொண்டே இருக்கும். மானிட்டர்கள் பழைய நிலைக்குத் திரும்பியதும் அவற்றையும் திருப்பி வைக்கும். அழகான தோற்றம் ஒன்றும் கிடையாது, ஆனால் இந்த ஒரு வேலையை இலவசமாகச் செய்கிறது. இதற்காக மட்டும் டிஸ்ப்ளேஃப்யூஷன் வாங்க நினைத்தவர்கள் முதலில் இதை ஓட்டிப் பார்க்கட்டும்.

மூன்று மானிட்டரில் ஒன்றை மட்டும் வேண்டும்போது அணைத்து எழுப்ப வேண்டும் என்பவர்கள் உண்டு. விண்டோஸ் கீயுடன் பி அழுத்தினால் வரும் நான்கு தேர்வுகளில் அதற்கு இடமில்லை. நிர்சாஃப்டின் மல்டிமானிட்டர்டூல் அதைச் செய்யும். நிறுவ வேண்டியதில்லை, மானிட்டர் அமைப்பைக் கோப்பாகச் சேமித்துவிட்டு, அதை ஏற்றும் கட்டளையை ஒரு ஷார்ட்கட்டில் எழுதிவிட்டால் இரட்டைக் கிளிக்கில் மாறிவிடும். மானிட்டர் எண்கள் மாறக்கூடியவை என்பதால் கட்டளையில் எண்ணுக்குப் பதில் மானிட்டரின் சீரியல் எண்ணைக் கொடுப்பது நல்லது. அதே தளத்தில் கடவுச்சொல் மீட்கும் கருவிகளும் இருப்பதால் சில ஆன்டிவைரஸ்கள் நிர்சாஃப்ட் என்றாலே முறைக்கும். அலுவலகக் கணினியில் ஐடி ஆட்களிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

மவுஸும் வெளிச்சமும்

27 அங்குல 4கே மானிட்டர் பக்கத்தில் 24 அங்குல ஃபுல் எச்டி மானிட்டர் வைத்திருப்பவர்கள் நிறைய. கண்ணுக்கு இரண்டின் உயரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்று சுமார் 34 சென்டிமீட்டர், மற்றது சுமார் 30. ஆனால் விண்டோஸ் கணக்குப் போடுவது பிக்சலில். ஒன்றின் உயரம் 2160, மற்றதன் உயரம் 1080. ஆகவே பெரிய திரையின் ஓரத்தில் சரிபாதிக்கு அந்தப் பக்கம் எதுவுமே இல்லை என்று அது நினைக்கிறது. மவுஸ் அங்கே போனால் முட்டி நிற்கிறது. தாண்டும் இடத்திலும் கர்சர் உயரம் மாறிக் குதிக்கிறது.

விண்டோஸ் 11ல் மானிட்டர்களுக்கிடையே கர்சர் எளிதாக நகர ஒரு தேர்வு உண்டு. முட்டுவது நிற்கும், குதிப்பது நிற்காது. லிட்டில்பிக்மவுஸ் என்ற இலவசக் கருவி மானிட்டரின் உண்மையான அளவை எடுத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் நேர்க்கோட்டிலேயே கர்சரைத் தாண்டவைக்கும். இந்த ஒரு வேலையில் அது கட்டண மென்பொருள்களுக்குச் சளைத்ததில்லை. கர்சர் எங்கே என்று தெரியாமல் தேடுபவர்களுக்குப் பவர்டாய்ஸில் இடது கன்ட்ரோலை இரண்டு முறை தட்டினால் வெளிச்சம் போட்டுக் காட்டும்.

வெளிச்சத்துக்கு ட்விங்கிள் ட்ரே. எல்லா மானிட்டர்களின் பிரைட்னஸையும் டாஸ்க்பார் மூலையிலிருந்தே இழுத்துக் கூட்டலாம், குறைக்கலாம். நேரத்துக்கு ஏற்பத் தானாக மாறவும் வைக்கலாம். அதற்கு மானிட்டரின் சொந்த மெனுவில், கணினி சொல்வதை மானிட்டர் கேட்க வழிவிடும் டிடிசி/சிஐ என்ற அமைப்பு ஆன் ஆகியிருக்க வேண்டும். சில யூஎஸ்பி அடாப்டர்களும் டாக்குகளும் அந்தச் செய்தியைக் கடத்தாது. அப்படியானால் எந்த மென்பொருளும் உதவாது. மானிட்டோரியன் இதே வேலைக்கு இன்னொரு நல்ல தேர்வு.

மானிட்டர் கம்பெனிகளே தரும் மென்பொருளும் இருக்கிறது. டெல் டிஸ்ப்ளே மேனேஜர், எல்ஜியின் ஆன்ஸ்கிரீன் கன்ட்ரோல் போன்றவை வெளிச்சமும் பார்த்துக்கொள்ளும், திரையையும் பிரித்துத் தரும். மானிட்டர்கள் எல்லாம் ஒரே பிராண்டாக இருந்தால் முதலில் இதைப் பார்க்கலாம். கலவையாக இருந்தால் அரைகுறைதான்.

என்விடியா சரவுண்ட், ஏஎம்டி ஐஃபினிட்டி இரண்டையும் இந்த வரிசையில் சேர்த்துக் கேட்பவர்கள் உண்டு. அவை மூன்று ஃபுல் எச்டி மானிட்டரை 5760க்கு 1080 என்று ஒரே திரையாக ஒட்டிவிடும். கார் ரேஸ், விமான விளையாட்டுக்கு அருமை. அலுவலக வேலைக்கு எதிர்மாறானது. மேக்ஸிமைஸ் செய்த எக்செல் மூன்று திரைக்கும் நீண்டு கிடக்கும்.

மேக், லினக்ஸ்

மேக்கில் தேர்வு சுருக்கம். 2013ல் வந்த மேவரிக்ஸிலிருந்து ஒவ்வொரு திரைக்கும் தனி ஸ்பேஸ் (மெய்நிகர் டெஸ்க்டாப்) உண்டு; 2024ல் வந்த செகோயா விண்டோக்களை ஓரத்தில் பொருத்தும் வசதியையும் சேர்த்துக்கொண்டது. போதாதவர்களுக்கு இலவசமான ரெக்டாங்கிள். ஆனால் ஒரே டிஸ்ப்ளேபோர்ட்டில் மானிட்டர்களைச் சங்கிலியாகக் கோர்த்து தனித்தனித் திரையாக விரிக்கும் முறையை மேக்ஓஎஸ் ஏற்பதில்லை. விண்டோஸில் ஓடிய அதே கேபிள் மேக்கில் ஒரே படத்தை இரண்டிலும் காட்டும்.

லினக்ஸில் மென்பொருளைவிட டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுப்பதே முக்கியம். மானிட்டர்தோறும் வேறு வேறு ஸ்கேலிங் வேண்டுமானால் திரையில் விண்டோக்களைக் காட்டும் பழைய முறையான எக்ஸ்11ஐ விட்டு, புதிய முறையான வேலேண்டுக்கு வந்துவிடுங்கள். கேடிஈ பிளாஸ்மா 6 அதற்கு நல்ல இடம். எந்த மானிட்டர் இணைந்திருக்கிறது என்று பார்த்து அமைப்பைத் தானாக மாற்ற, எக்ஸ்11லேயே இருப்பவர்களுக்கு ஆட்டோரேண்டர், வேலேண்டில் ஓடும் ஸ்வே பயன்படுத்துபவர்களுக்கு கான்ஷி.

நிறுவுவதற்கு முன்

மூன்றாவது மானிட்டர் எரியவே இல்லை என்றால் அது மென்பொருளின் வேலை இல்லை. தனி கிராபிக்ஸ் கார்டு போட்ட கணினியில் ஒரு கேபிளை மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் செருகியிருப்பார்கள். பல மதர்போர்டுகள் கார்டு இருந்தால் உள் கிராபிக்ஸைப் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்பில்) அணைத்துவிடும். எல்லாக் கேபிளையும் கார்டுக்கு மாற்றுங்கள், அல்லது பயாஸில் உள் கிராபிக்ஸை ஆன் செய்யுங்கள்.

ஃபேன்சிஸோன்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்ப்ளேஃப்யூஷனைச் சோதிக்க வேண்டாம். இரண்டும் ஒரே இழுப்பைக் கவனித்து, ஒரே விண்டோவை ஆளுக்கொரு பக்கம் வைக்கப் பார்க்கும். எது சொதப்பியது என்றே தெரியாது. ஒன்றின் ஸ்னாப் வசதியை அணைத்துவிட்டு மற்றதை ஓட்டுங்கள். பெர்சிஸ்டன்ட்விண்டோஸுக்கும் இதே எச்சரிக்கை: விண்டோஸ் 11ன் சொந்த நினைவு வைக்கும் தேர்வை அணைத்துவிட்டு ஒருமுறை, அணைக்காமல் ஒருமுறை என்று பார்த்து, எதில் விண்டோக்கள் குறைவாக அலைகின்றனவோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.